லயத்து வீடும் புதுக்கிராமத்து மனையும்

1865 ஏப்ரலில் ஆப்ரகாம் லிங்கன் சுடப்படாமல் இருந்திருந்தால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதை வேறாகியிருக்குமா என்ற கேள்வி அந்நாட்டு வரலாற்றாசிரியர்களை இன்றுவரை விடவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து, தெற்கு மாநிலங்களை மறுபடி கட்டியெழுப்ப வேண்டிய நேரத்தில் அதிபர் நாற்காலிக்கு வந்தவர் ஆண்ட்ரூ ஜான்சன். அந்த ஆண்டு ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டிருந்தார்: தென் கரோலினா, ஜார்ஜியா கடலோர நிலங்களை நாற்பது ஏக்கருக்கு மிகாத துண்டுகளாக விடுதலையான குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குடும்பங்கள் போய்க் குடியேறி உழவும் தொடங்கிவிட்டன. ஆண்டு முடிவதற்குள் அந்த நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே திருப்பிவிட ஜான்சன் வழிசெய்தார். குடியுரிமையும் வாக்குரிமையும் 1868, 1870 திருத்தங்களாக வந்து சேர்ந்தன, நிலம் வரவில்லை. நிலமில்லாதவன் வாரத்துக்கு உழப் பழைய எசமானின் வாசலுக்கே போனான். வாக்கையும் ஒரு தலைமுறைக்குள் பிடுங்கிக்கொண்டார்கள். லிங்கன் இருந்திருந்தால் என்ற கேள்விக்குக் கனம் ஏதாவது இருக்கிறதென்றால் அது அந்த நாற்பது ஏக்கரில்தான் இருக்கிறது.

இதே மாதிரியான கேள்வி மலேசியத் தமிழரிடையேயும் உண்டு. 1949-இல் தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கிலிடாமல் இருந்திருந்தால், 1947-இல் ஜான் திவி மலாயா இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைமையை விட்டுப் போகாமல் இருந்திருந்தால், 1957-இல் துன் சம்பந்தன் இன்னும் கறாராகப் பேரம் பேசியிருந்தால் தோட்டத்து மக்களின் நிலை இப்படியா இருந்திருக்கும் என்று கேட்பவர்கள் நிறைய. கேள்வி வீண் என்று தள்ள நான் தயாரில்லை. ஆனால் கூலி, குடியுரிமை, கட்சி என்ற மூன்றைச் சுற்றியே அது கேட்கப்படுகிறது. வேறொரு தலைவர் உண்மையிலேயே மாற்றியிருக்கக்கூடியது வேலையோடு கட்டிப்போட்ட வீட்டை. அதற்கான வாசல் 1950-ஐ ஒட்டிய சில ஆண்டுகள் திறந்திருந்தது. அப்போது அந்த வாசலில் போய் நின்றவர் யாருமில்லை. இதைச் சோதித்துப் பார்க்கக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ரப்பர் நாட்டில் நடந்த எல்லாக் கேடுகளுக்கும் தோட்டங்களைப் பிரித்து விற்ற துண்டாடலைக் காரணம் சொல்லிவிடலாம். தேயிலை மலையில் துண்டாடல் நடக்கவில்லை. ஆனாலும் தமிழர் மண்ணற்றவர்களாகவே மலையிறங்கினார்கள்.

கேமரன் மலை பிந்திப் பிறந்த தோட்ட நாடு. வில்லியம் கேமரன் 1885-இல் அளந்துவிட்டுப் போன மேட்டுநிலத்தை நாற்பது ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறி வந்த பிறகுதான் மலைவாசத்தலம், சாலை, பயிர் என்று பேச்சு தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்துத் தேர்ந்த ஏ. பி. மில்னைக் கூட்டாளியாகக் கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. வடகோடியில் புளூ வேலி. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திய உழைப்பில் பெரும்பங்கு தமிழருடையது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இலேயே ஒழிந்துவிட்டது என்றாலும் கங்காணி ஆள்கட்டும் முறை உயிரோடுதான் இருந்தது. இந்திய அரசு 1938-இல் மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதை நிறுத்திய பிறகு மலையில் இருந்தவர்கள் அங்கேயே பிள்ளைகுட்டி பெற்றுத் தலைமுறை கண்டார்கள்.

தேயிலையின் இயல்பைச் சொல்லாமல், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயத்தைப் பற்றிப் பேச முடியாது. பால்மரத்தை ஒருநாள் வெட்டாமல் விட்டால் பால் மரத்திலேயே இருக்கும். தேயிலை அப்படி விடாது. கொழுந்தை வாரம் பத்து நாளுக்கொரு சுற்று பறித்தாக வேண்டும், பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் இலை முற்றும், கொழுந்து வதங்கிக் கெடும். ஆகவே பறிக்கும் கைகள் சரிவிலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. லயம் தேயிலைத் தொழிலின் எந்திரங்களில் ஒன்று என்றே சொல்லலாம். துரையின் தயவு என்று அதைச் சொல்லும் பழக்கம் தோட்டத்துக்குள்ளேயும் இருந்தது. ஆனால் கூலியைக் குறைவாக வைத்திருக்க உதவியதும் ஆளை அசையவிடாமல் வைத்திருந்ததும் அந்த இலவச வீடுதான். வேலை நின்றால் வீடு காலி. 1923 தொழிலாளர் சட்டம் குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளி காய்கறி போட்டுக்கொள்ளத் தோட்டத்துக்குள்ளேயே சிறு துண்டு நிலம் ஒதுக்கச் சொன்னது. துண்டு எங்கே இருக்க வேண்டும் என்று சொன்ன சட்டம், அது யாருக்குச் சொந்தம் என்ற பேச்சை எடுக்கவில்லை. 1936 கடைசியில் மலாயா வந்து விசாரித்த சீனிவாச சாஸ்திரியின் அறிக்கைக்குப் பிறகும் லயத்தின் அடிமனை கம்பெனியிடமே இருந்தது.

போர் இந்த ஏற்பாட்டை ஒருமுறை குலைத்தது. சயாம் ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிப்போனது ஜப்பான் ஆட்சி. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பியவர்கள் துரையைப் பார்த்தவுடன் சைக்கிளை விட்டு இறங்கும் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். 1945 முதல் 1948 வரையான மூன்று ஆண்டுகள் மலாயாவின் மறுசீரமைப்புக் காலம். எல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை போலத் தோன்றிய காலம். தஞ்சைத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். திவியின் ம.இ.கா. டான் செங் லாக்கின் கூட்டணியோடு சேர்ந்து மக்கள் அரசியல் சட்டம் ஒன்றை முன்வைத்தது. 1947 அக்டோபர் 20 கடையடைப்பு நாட்டை நிறுத்தியது. கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்தது. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் வந்தது, சம்மேளனம் தடைசெய்யப்பட்டது, 1949 மே 4-இல் கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார், அதற்கு முதல்நாள் அவர் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். திவி அதற்குள் இந்திய அரசின் பிரதிநிதியாகப் போய்விட்டிருந்தார்.

கணபதி உயிரோடு இருந்திருந்தால்? அவர் சம்மேளனம் கேட்டவை கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை, இனப்பாகுபாடில்லாத சம்பளம். எல்லாம் நியாயமானவை, எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே நிற்பவை. தோட்டங்களை ஒரு நாள் மக்களாட்சி எடுத்துக்கொள்ளும் என்று நம்பிய இயக்கம் லயத்துக்குப் பட்டா கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அது வென்றிருந்தால் லயத்தின் சொந்தக்காரர் துரை போய் அரசாங்கமாகியிருப்பார். இலங்கையில் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது நடந்தது இதுதான். மலையகத் தமிழர் பலர் பட்டினியோடு விரட்டப்பட்டார்கள். கணபதியின் தியாகத்தை இது சிறிதும் குறைப்பதில்லை. ஆனால் அவர் தலைமை வேறு கூலியைத் தந்திருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாமே ஒழிய, வேறு வீட்டைத் தந்திருக்கும் என்பதற்குச் சான்றில்லை.

என் வாதத்தின் மையம் அடுத்து வந்த ஆண்டுகளில் இருக்கிறது. 1950-இல் தளபதி பிரிக்ஸ் கொண்டுவந்த திட்டம் காட்டோரத்துச் சீனக் குடியிருப்புகளைப் பெயர்த்து முள்வேலிக்குள் வைத்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், 480 புதுக்கிராமங்கள். கேமரன் மலையின் ரிங்லெட், திரிங்காப், கோலா தெர்லா போன்ற ஊர்களுக்குள் இன்றும் அந்தப் புதுக்கிராமங்கள் இருக்கின்றன. அதே ஆண்டுகளில் அதே திட்டத்தின் இன்னொரு கை தோட்டங்களுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் வேலை செய்தது: சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் திரட்டி வேலி போட்டார்கள். இப்படித் திரட்டப்பட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல், புதுக்கிராமத்துக்குப் போனவர்களைவிட அதிகம். வரலாற்று நூல்களில் புதுக்கிராமத்துக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கும், தோட்டத் திரட்டலுக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே பெரிது. சீனர், தமிழர் இருவரும் முள்வேலியைப் பார்த்தார்கள், இருவரும் ஊரடங்கில் கிடந்தார்கள், இருவரின் அரிசியையும் ராணுவம் அளந்தது. ஆனால் வேலி கழன்ற பிறகு சீனருக்கு ஒரு வீட்டுமனை மிஞ்சியது. பல இடங்களில் 30 ஆண்டுக் குத்தகை, சில இடங்களில் வெறும் தற்காலிக உரிமம், எப்படியிருந்தாலும் தன் பெயரில் ஒரு தாள். தமிழருக்கு மிஞ்சியது முன்னைவிட நெருக்கமாகக் கட்டப்பட்ட லயம், அதுவும் கம்பெனிக்குச் சொந்தமான மண்ணில்.

இந்த வேறுபாட்டை அச்சத்தின் கணக்கு என்று சொல்லித் தள்ளிவிடலாம். சீனக் குடியானவன் காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்குச் சோறு கொடுத்தான், ஆகவே அவனை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. தமிழ்த் தொழிலாளி 1948-க்குப் பிறகு அடங்கிவிட்டான், ஆகவே அவனுக்கு விலை இல்லை. இந்த எதிர்வாதத்தில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி மனிதர்களைப் பற்றியது. மனை கொடுக்க மாநிலங்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. நிலம் சுல்தான்களின் ஆட்சிக்குட்பட்ட மாநிலங்களின் கையில் இருந்தது, மாநில முதலமைச்சர்களான மந்திரி பெசார்கள் காலம் கடத்தினார்கள். ஹைகமிஷனர் கர்னி மேலிருந்து நெருக்கினார். கீழிருந்து நெருக்கியவர் டான் செங் லாக். 1949-இல் மலாயாச் சீனர் சங்கத்தைத் தொடங்கி, அதே ஆண்டு ஈப்போவில் கையெறி குண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர், சங்கத்தின் பெயரில் லாட்டரி நடத்திப் புதுக்கிராமங்களுக்குப் பணம் திரட்டினார். சங்கத்துக்கு வேலை என்று ஒன்று இருந்ததென்றால் அது புதுக்கிராமம்தான். அரசின் அச்சத்தை மனையாக மாற்றிக் கொடுக்க ஒரு தலைவர் அந்தப் பக்கம் இருந்தார். அந்த ஆண்டுகளில் ம.இ.கா.வின் தலைவர்களாக இருந்தவர்கள் புத் சிங், பிறகு ராமநாதன், பிறகு கே. எல். தேவாசர். ராமநாதன் குடியுரிமைக்கான மொழித்தேர்வைத் தளர்த்தப் போராடினார், அது சிறிய காரியமில்லை. ஆனால் கட்சி நகரத்து வழக்கறிஞர், வணிகர் கட்சியாக இருந்தது. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஆறு லட்சம் பேரை நகர்த்தி வைத்தது அதன் கண்ணில் ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

வேறொரு தலைவர் அப்போது என்ன கேட்டிருக்கலாம்? நான் கற்பனையை இறுக்கமாகவே வைத்துக்கொள்கிறேன். தேயிலைச் சரிவைக் கேட்டிருக்க வேண்டாம், ஏக்கர் கணக்கில் எதையும் கேட்டிருக்க வேண்டாம். லயங்களை எப்படியும் பிரித்துக் கட்டத்தான் போகிறீர்கள். கட்டுவதைத் தோட்டத்தின் எல்லையில், சாலையோரத்தில், தனியாக அளந்து பிரித்த மனைகளில் கட்டுங்கள். மனையைக் குடும்பத் தலைவர் பெயரில் எழுதுங்கள். இவ்வளவுதான். போ தோட்டத்து லயங்களுக்கும் ரிங்லெட் கடைத்தெருவுக்கும் இடையே சில மைல்தான் தூரம். ரிங்லெட்டில் சீனருக்கு அளந்த நில அளவையாளர் தமிழருக்கும் அளந்திருக்க முடியும். கொரியப் போர் ரப்பர் விலையை வானத்துக்கு ஏற்றிய காலம் அது. பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த மலாயாத் தோட்டங்களில் வேலை ஒருநாள்கூட நிற்கக் கூடாது என்பதில் லண்டனுக்கு இருந்த அக்கறை சொல்லி மாளாது. தொழிலாளிக்குப் பேரம்பேசும் பலம் அவ்வளவு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை.

மலாய் நிலம் என்ற கேள்வி எழுந்திருக்கும், 1913 முதல் மலாய் ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கும் நாட்டில் அன்னியனுக்குப் பட்டா கேட்டால் பதற்றம் வெடித்திருக்கும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் தோட்ட நிலம் ஏற்கெனவே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது; அதிலிருந்து கால் ஏக்கர் மனைகளைப் பிரித்தால் மலாய்க்காரர் ஒருவரின் ஒதுக்கீட்டிலிருந்தும் ஒரு சாண் குறைந்திருக்காது. இழந்திருக்கக் கூடியவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே. தவிர, அதே மாநிலங்கள் அதே ஆண்டுகளில் புதிய நிலத்தையே சீனருக்கு ஒதுக்கிக் காட்டிவிட்டன.

தேயிலையைச் சின்னச் சின்ன வீட்டுக்காரர்களை நம்பி நடத்த முடியாது, ஆலை, சுற்று, நேரம் எல்லாம் குலைந்துவிடும் என்று தோட்டக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். நீலகிரி இதற்கு விடை சொல்லிவிட்டது. 1962-இல் குந்தாவில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலை தொடங்கியது. அதன் பின் அப்படிப் பல ஆலைகள். கென்யாவில் 1964-இல் ஏற்படுத்திய தேயிலை வளர்ச்சி ஆணையம், சிறு தோட்டக்காரர்களின் இலையைக் கொண்டே உலகச் சந்தையில் இடம் பிடித்தது. மலையில் வசிக்கும் தொழிலாளிக்கு மனை மட்டும் சொந்தமாக இருந்து, காலையில் நடந்து போய்ப் பறித்துவிட்டு வருவதில் தொழிலுக்கு என்ன கேடு வந்திருக்கும்? கேடு வந்திருக்கக் கூடியது கூலிக்குத்தான், தோட்டக்காரர் கோணத்தில். வீடு தன்னுடையதானால் ஆள் பேரம் பேசுவான், பக்கத்துத் தோட்டத்துக்குப் போவான், மகனைக் காய்கறி வியாபாரத்துக்கு அனுப்புவான்.

1954-க்குப் பிறகு வாசல் மூடத் தொடங்கியது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அந்த ஆண்டு பல சங்கங்களை இணைத்துப் பி. பி. நாராயணன் பொதுச்செயலாளராக எழுந்தது. நாராயணன் நேர்மையான, நிதானமான பேரக்காரர். காலனி அரசின் தொழிற்சங்க ஆலோசகர் ஜான் பிரேசியர் விரும்பிய மாதிரித் தொழிற்சங்கக்காரர். சங்கம் கூலியை ரப்பர் விலையோடு கட்டி ஒப்பந்தம் போட்டது; கடை, கோயில், பள்ளி, லயத்துப் பழுதுபார்ப்பு என்று பல உதவிகளும் செய்தது. 1955-இல் சம்பந்தன் ம.இ.கா. தலைவரானார், அதே ஆண்டு தொழிலாளர் அமைச்சரும் ஆனார். 1956-இல் அரசு பெல்டா என்ற நிலக் குடியேற்ற அமைப்பைத் தொடங்கியது. காடு வெட்டி, ஏக்கர் கொடுத்து, வீடும் கொடுத்துக் குடியமர்த்தும் திட்டம். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். பால்வெட்டும் களைவெட்டும் கைவந்த தோட்டத் தமிழருக்கு அதில் ஒரு பங்கு கேட்கும் தருணம் அதுதான். அதைக் கேட்காததற்காக மட்டும் சம்பந்தனைக் குறைசொல்வது நியாயமாகாது. 1948-இல் இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்ததை மலாயாவில் யாரும் மறக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் மலையகத் தமிழர் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த உதாரணம் கண்முன் இருக்கையில், 1957 ஆகஸ்ட் 31-க்குப் பின் மண்ணில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குடிமகன் என்ற விதியைப் பெற்றது பெரிய காரியம். அதற்கு விலையாகச் சம்பந்தன் பல விஷயங்களில் வாய் திறக்கவில்லை என்றால் அந்தக் கணக்கு புரிகிறது.

நிலத்தின் அருமை சம்பந்தனுக்குத் தெரியாததில்லை. 1950-களில் ஆங்கிலேயர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்க, லயத்துக் குடும்பங்கள் தெருவுக்கு வந்ததைப் பார்த்தவர் அவர். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்குப்பணம் திரட்டினார். தொழிலாளியின் காசில் தோட்டம் வாங்கிய அந்த முயற்சியை நான் மலேசியத் தமிழரின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே வைப்பேன். ஆனாலும் சங்கம் தோட்டத்தை வாங்கியது. லயத்தைக் குடும்பங்களுக்கு எழுதிக் கொடுப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. வாங்கியவை பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்கள். தேயிலை மலை அதன் கைக்கு எட்டவில்லை.

தலைவர்களை இப்படித் தராசில் வைப்பது வரலாற்றை மேலிருந்து பார்ப்பது, மக்கள் போராடாமல் தலைவர் கேட்டு ஒன்றும் கிடைக்காது என்று ஒரு முறையீடு எப்போதும் வரும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தமும் 1947 கெடா மறியலும் மக்கள் போராடியதற்குச் சாட்சி. குறை அவர்களிடத்தில் இல்லை. 1950-இல் அவர்கள் ஊரடங்கில் இருந்தார்கள், அவர்கள் தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்டிருந்தன. மக்கள் வாய் கட்டப்பட்ட அந்த நேரத்தில்தான் வெளியே நின்று பேசக்கூடிய ஒருவரின் தேவை அதிகம், அந்த ஒருவர் என்ன கேட்கிறார் என்பதன் விளைவும் அதிகம்.

விளைவு 1969-க்குப் பின் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1957-க்கு முன் பிறந்து, பதிவு செய்துகொள்ளத் தவறிய சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் தோட்டங்களில் ஏராளம்; சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பட்டா ஒன்று கையில் இருந்திருந்தால் பதிவுக்கான தாளும் பதிவுசெய்துகொள்ளக் காரணமும் இரண்டும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மலையில் எஞ்சியவர்களின் பிள்ளைகள் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் தலைநகருக்கும் போனார்கள். போனதில் தவறில்லை, ஆனால் விற்கவோ வாடகைக்கு விடவோ முதலாக வைக்கவோ பின்னால் ஒரு மனை இல்லாமல் போனார்கள். திரிங்காப், கோலா தெர்லாவில் ஒரு தலைமுறை கழித்துக் காய்கறிப் பண்ணைக்கும் கடைக்கும் முதல் போட்டவர்களில் பலரிடம் அந்த மனை இருந்தது.

1990-இல் தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. தண்ணீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம், மருத்துவம் என்று எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. வீட்டின் சொந்தக்காரர் யார் என்பதை மட்டும் 1923 சட்டம் விட்ட இடத்திலேயே விட்டிருக்கிறது. 2019 திருத்தம் அதே ஏற்பாட்டைத் தோட்டத்துக்கு வெளியே பிற துறைகளுக்கும் விரித்தது. கேமரன் மலை லயங்களில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்தினரும் நேப்பாளத்தினரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். வேலை அனுமதி முடியும் நாளில் அவர்களுக்கும் வீடு காலி. அவர்கள் சார்பில் மனை கேட்க இந்த நாட்டில் கட்சியும் இல்லை, தலைவரும் இல்லை.